கடல் ஒத்துக்கொள்ளாத பிள்ளை

என் கணவர் வீட்டார் கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். மாமனாரின் அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்து போர்ட் பிளேயரில் காண்ட்ராக்ட் வேலை எடுத்தவர். அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் ஒருவரும் கப்பலில் வாந்தி எடுத்ததில்லையாம். இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருகிற பெருமை, பிள்ளைகள் பரீட்சையில் முதலாவதாக வந்தால்கூட வராது. நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி முதல் தடவை கப்பல் ஏறியபோது, சென்னைத் துறைமுகம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே வாந்தி எடுத்தவள். அந்த ஒரே குற்றத்துக்காக ரொம்ப நாள் அந்த வீட்டில் எனக்கு வாயே இல்லை.

கப்பல் பயணத்துக்கென்று அவர்களிடம் சட்டதிட்டம் உண்டு. ஏறுகிற அன்றைக்கு அரை வயிறுதான் சாப்பிட வேண்டும். ஏறிய பிறகு பொரி, உப்பு பிஸ்கட், எலுமிச்சை ஊறுகாய். எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர் குடிக்கக் கூடாது. தொண்டை காய்ந்தால் நாக்கை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இது முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அலை தூக்கிப் போடுகிற ஆடி மாதத்தில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தவருக்கு அது அப்படியே திரும்பி வரத்தான் செய்யும். தீவில் இந்த விதியை மறுத்துப் பேசுகிற ஆளை நான் பார்த்ததில்லை. பெங்காலி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று ஆளுக்கொரு பாஷையும் ஆளுக்கொரு சமையலுமாக இருக்கிற ஊரில், எல்லாரும் ஒன்றாகத் தலையாட்டுகிற விஷயம் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

என் மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது, மொட்டை போட்டுக் காது குத்துவதற்காக மெயின்லேண்டுக்கு, அதாவது தமிழ்நாட்டுக்கு, போனோம். குலதெய்வக் கோயில் ராமநாதபுரத்துக்கு உள்ளே ஒரு கருவேலங்காட்டில் இருக்கிறது. பொங்கல் முடிந்த நேரம். காலையில் நல்ல பனி. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடியிருந்தார்கள். அந்த வீட்டுப் பையன் ஒருவனுக்கு, என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவன், வயிறு போய்க்கொண்டிருந்தது. “பல்லு மொளைக்குது, அதான்” என்றார்கள். அவனும் என் மகளும் ஒரே பாயில் உருண்டார்கள். அவன் கடித்து வைத்த பிஸ்கட்டை இவள் பிடுங்கித் தின்றாள். என்ன பாசம் பாரு என்று சிரித்தோம், அந்தப் பையனின் அம்மா உட்பட.

திரும்பும்போது கப்பல்தான். விமானத்தில் போனால் ஆள்தான் போக முடியும், அரிசி மூட்டையும் சீர்ப் பாத்திரமும் போகாது. கேபின் கிடைக்கவில்லை, பங்க்தான் கிடைத்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பங்க் என்பது கப்பலின் அடித்தட்டில் ஒரு பெரிய கூடம். மேலும் கீழுமாக இரும்புக் கட்டில்கள், வரிசை வரிசையாக. மறைப்புக்குச் சேலையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். டீசல் வாடை, ஊறுகாய் வாடை, ஈரத் துண்டு வாடை எல்லாம் ஒன்றாக வீசும். கழிப்பறை கூடத்தின் கடைசியில். சாயங்காலம் சென்னையில் ஏறினால் மூன்று ராத்திரி கழித்துக் காலையில் போர்ட் பிளேயர்.

எங்களுக்கு எதிர்க்கட்டிலில் ஒரு பெங்காலி தீதி, கல்கத்தாவில் படிக்கிற மகளைப் பார்த்துவிட்டுச் சென்னை வழியாகத் திரும்புகிறவர். பக்கத்துக் கட்டிலில் கச்சால் தீவுக்குப் போகிற ஒரு தம்பதி. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். போர்ட் பிளேயரில் இறங்கி அவர்கள் இன்னொரு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த அக்கா ஏறியவுடனேயே என் மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நல்ல ஆட்கள்தான் எல்லாரும். அதனால்தான் சிக்கலே. கெட்டவர்கள் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன்.

மறுநாள் காலை பால் குடித்த கொஞ்ச நேரத்தில் மகள் எல்லாவற்றையும் கக்கினாள். கக்கினாள் என்றால் வாயோரம் வழிகிற கக்கல் இல்லை, என் தோளைத் தாண்டிப் போய் விழுந்தது. என் கணவர் சிரித்தார்.

“ஆரம்பிச்சிருச்சுடா. அம்மா பக்கத்து ரத்தம், வேறென்ன.”

கூடத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. என் முதல் பயணக் கதையை அவர் தீதிக்கு ஹிந்தியில் விரிவாகச் சொன்னார். மகள் மறுபடி வாந்தி எடுத்தாள். நான் பாட்டிலில் இருந்த வெந்நீரைப் புகட்டினேன். அதுவும் வந்தது.

“தண்ணி குடுக்காத. அதான் சொல்றேன்ல. பாலும் இப்ப வேணாம். வயிறு சும்மா கெடக்கட்டும், தானா அடங்கிரும்” என்றார் என் கணவர்.

தீதியும் கையை ஆட்டினார். “பானி மத் தேனா, பெஹன். ஔர் உல்டி ஹோகா.” தண்ணீர் கொடுத்தால் வாந்தி கூடும் என்று அவரும் சொல்கிறார். கச்சால் அக்காவின் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். கேண்டீனில் டீ வாங்கப் போகிறவர், கைகழுவி வருகிறவர், யாரென்றே தெரியாதவர், எல்லாரும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஒரு ஆள் எலுமிச்சம்பழம் தந்தார். இன்னொருவர் பிள்ளையின் தொப்புளில் ஏதோ தைலம் தடவச் சொன்னார். கச்சால் அக்கா மட்டும் மெதுவாக, “கொஞ்சம் வெறும் சாயத் தண்ணியாவது குடுத்துப் பாருங்களேன் தங்கச்சி, எஸ்டேட்டுல நாங்க அப்பிடித்தான் குடுப்போம்” என்றாள். பால் இல்லாத கறுப்பு டீயைச் சொன்னாள். “சின்னப் பிள்ளைக்கு டீயா? பேசாம இரு” என்று அவள் வீட்டுக்காரர் அதட்டினார். அந்தக் கூட்டத்தில் எதையாவது குடிக்கக் கொடு என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அவளையும் உட்காரவைத்தாயிற்று.

மத்தியானம் மகள் என் முந்தானையை இழுத்து இழுத்து அழுதாள். சேலை மறைப்புக்குள் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தேன். ஆவலோடு குடித்தாள், குடித்த வேகத்திலேயே வாந்தி. என் கணவர் மறைப்பை விலக்கிப் பார்த்துவிட்டு, “சொன்னேனா இல்லையா” என்றார். அவர் கோபப்படவில்லை. எனக்குப் புரியவைக்கிற குரலில்தான் சொன்னார். அடுத்த தடவை நான் பாட்டிலை எடுத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து, பாட்டிலை வாங்கி மேல்கட்டிலில் வைத்துவிட்டார். அந்த மனுஷனுக்கு மகள் என்றால் உயிர். இதையும் நான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அவரைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

சாயங்காலம் வயிறு போகத் தொடங்கியது. தண்ணீராக, மஞ்சளாக, புளித்த நாற்றத்தோடு. கட்டியிருந்த துணி, போர்வை, கட்டில் மெத்தை எல்லாவற்றையும் தாண்டி ஒழுகியது. “கடல் காத்து வயித்தக் கலக்கிருச்சு” என்றார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வாந்திக்கும் கடல், வயிற்றுப்போக்குக்கும் கடல், காய்ச்சல் வந்தபோது அதற்கும் கடல். நான் துணியை எடுத்துக்கொண்டு கடைசிக்கு ஓடுவேன், அலசிப் பிழிந்து திரும்புவதற்குள் அடுத்தது தயாராக இருக்கும். கொண்டுவந்த துணியெல்லாம் தீர்ந்தது. தீதி பெட்டியைத் திறந்து தன்னுடைய பழைய நூல் சேலை ஒன்றை நீள நீளமாகக் கிழித்துக் கொடுத்தார். நல்ல சேலை. அந்தக் கிழியல் சத்தம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை மகள் அழுவதை விட்டுவிட்டாள். எல்லாரும் “அப்பாடா, அடங்கிருச்சு” என்றார்கள். என் கணவர் பல் விளக்கிவிட்டு வந்து, “பாத்தியா, நான் சொல்லல?” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று அவளைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன்.

வெளியே வந்ததும்தான் கடலைப் பார்த்தேன். இரண்டு நாளாக அடித்தட்டில் வாந்தியையும் துணியையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கடல் மெழுகிவிட்ட தரை மாதிரி கிடந்தது. நுரைகூட இல்லை. தளத்தில் நாலு பேர் துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் வைத்திருந்த டம்ளரில் டீ தளும்பாமல் நின்றது. ஒரு அம்மாள் தட்டு நிறையப் பூரி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான், கப்பல் பெயரைக் கேட்டாலே தலைசுற்றுகிறவள், இரண்டு நாளாகத் தலைசுற்றல் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கப்பலில் எத்தனையோ நூறு பேர். அதில் ஒரு ஆளுக்கும் மயக்கம் இல்லை. கடல் என் பிள்ளையை மட்டும் தேடிப் பிடித்ததா?

அப்போதுதான் வெளிச்சத்தில் மகள் முகத்தைப் பார்த்தேன். கண் குழிக்குள் போயிருந்தது. உதடு வெடித்து, நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையில் உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருந்தது. அவள் வாயைக் கோணி அழப்பார்த்தாள். சத்தம் ஈனமாக வந்தது, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்து அவள் சிறுநீர் கழித்த துணி எதையும் நான் அலசவில்லை என்பதும் அந்த நிமிடம்தான் உறைத்தது. பயம் என்றால் இதுதான் பயம், அதற்கு முன்னால் நான் பட்டதெல்லாம் சும்மா.

பின்னால் வந்த கணவரிடம் சொன்னேன். “ஏங்க, கடலு அசையவே இல்ல. பிள்ளைக்கு வேற என்னமோ. நான் டாக்டர்ட்ட போறேன்.”

“கப்பல் டாக்டரா? அந்தாளு மெயின்லேண்ட் ஆளு. அவரே சக்கர் வந்து தலை சுத்திப் படுத்திருப்பாரு. நாளைக்குக் காலைல ஊரு வந்துரும், கொஞ்சம் பொறு.”

“நீங்க பொறுங்க. நான் போறேன்.”

“எல்லாரும் சொல்றாங்கல்ல? அத்தனை பேரும் முட்டாளா?”

“ஆமா,” என்றேன். “எல்லாரும் முட்டாள். நானும்தான்.” சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகி அவரிடம் அதுவரை நான் அந்தக் குரலில் பேசியதில்லை. அவர் பின்னால் வந்தார்.

கப்பலின் ஆஸ்பத்திரி இரண்டு கட்டிலும் ஒரு கண்ணாடி அலமாரியும் உள்ள அறை. டாக்டர் இளவயதுக்காரர், ஹிந்திக்காரர். படுத்திருக்கவில்லை, பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டுக் கைகழுவினார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். தோல் உடனே விழாமல், மடிந்த துணி மாதிரி கொஞ்ச நேரம் நின்று பிறகு மெதுவாக அடங்கியது. அதைப் பார்த்ததும் என் கணவரின் முகம் மாறியது. என் ஹிந்தி கடைகண்ணிக்குத்தான் காணும். அதனால் டாக்டர் கேட்பதையெல்லாம் அவர்தான் எனக்குச் சொன்னார். எப்போது வாந்தி தொடங்கியது, எத்தனை தடவை வயிறு போனது, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள்.

பிறகு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். “பச்சி கா பானி கிஸ்னே பந்த் கர்வாயா?”

இதை என் கணவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, எனக்கே புரிந்தது. பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்கிறார். என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த லைஃப் ஜாக்கெட் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஸப் லோக்” என்றேன் நான். எல்லாரும்தான். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்தார்.

அவர் சொன்னது எளிமையானதுதான். இது கடல் இல்லை, வயிற்றில் கிருமி. போகிற தண்ணீர் உள்ளே திரும்ப வராவிட்டால் பிள்ளை தாங்காது. நிலைமை இப்போதே கெட்டுக் கிடக்கிறது. இவ்வளவு காய்ந்த பிள்ளைக்கு ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்ற நரம்பு கிடைப்பது கஷ்டம், முதலில் வாய்வழியாக முயற்சி செய்வோம், நிற்கவில்லை என்றால் ஊசி. ஓ.ஆர்.எஸ். பொடியைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, ஒரு டம்ளரும் ஸ்பூனும் கையில் கொடுத்தார். ஸ்பூன் ஸ்பூனாக, விடாமல். வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும். தாய்ப்பால் எவ்வளவு வேண்டுமானாலும்.

“கப்பலைத் திருப்ப முடியாதா?” என்று கேட்டேன். என் கணவர் அதை ஹிந்தியில் சொன்னார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. நாம் பாதிக்கு மேல் வந்துவிட்டோம், திரும்பினால் இன்னும் தூரம் என்றார். போர்ட் பிளேயருக்குத் தகவல் சொல்லி ஆம்புலன்ஸைத் தயாராக நிற்கச் சொல்லலாம் என்றார். அதாவது அடுத்த நாள் காலைவரை இந்த அறையும் இந்த ஸ்பூனும்தான்.

முதல் ஸ்பூனை உள்ளே விட்டபோது அவள் அந்த ஸ்பூனைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள். விடமாட்டேன் என்கிறாள். அவ்வளவு தாகம். ஒரு நாள் முழுக்க அந்தத் தாகத்தோடு என் மடியில் கிடந்திருக்கிறாள், நாங்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து பொரி தின்றிருக்கிறோம். முதலில் கொடுத்ததை வாந்தி எடுத்தாள். பொறுத்தோம், கொடுத்தோம். மறுபடி எடுத்தாள். டாக்டர் ஊசிச் சாமானை எடுத்துத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டு, இன்னும் ஒரு தடவை என்று சைகை காட்டினார். அடுத்ததும் வந்தது, ஆனால் கொஞ்சமாக. அதற்கடுத்தது நின்றது. வெறும் தண்ணீர் ஒரு பிள்ளையின் வயிற்றில் தங்குவதை மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

என் கை மரத்தபோது கணவர் ஸ்பூனை வாங்கிக்கொண்டார். தரையில் முட்டி போட்டு, சிந்தாமல், ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அவள் முழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். நடுவில் கச்சால் அக்கா கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் அலசாத துணியையெல்லாம் தானே தூக்கிக்கொண்டு போனாள். நாங்கள் கேட்கவில்லை.

சாயங்காலம் கம்பவுண்டர் காய்ச்சல் பார்க்க அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தபோது அவளுக்குக் கோபம் வந்து ஓவென்று அழுதாள். கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு உருண்டு காதுக்குள் போனது. புதிதாகக் குத்தின காது. நான் சிரித்தேன். பிள்ளை அழுவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிற தாயைக் கம்பவுண்டர் அதற்கு முன்னால் பார்த்திருக்கமாட்டார். கொஞ்ச நேரத்தில் டாக்டரின் விரிப்பையும் நனைத்தாள். டாக்டர் “ஷாபாஷ்” என்று அவள் காலைத் தட்டினார். ஊசிச் சாமான் அலமாரிக்குத் திரும்பிப் போனது.

காலையில் போர்ட் பிளேயரின் ஹாடோ துறைமுகத்தில் கப்பல் நின்றதும் எங்களைத்தான் முதலில் இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு முழுக்க எங்கள் மகள் வயதுப் பிள்ளைகள், எல்லாருக்கும் இதே வயிறு. பெரார்கஞ்சிலிருந்து வந்தவர்கள், டாலிகஞ்சிலிருந்து வந்தவர்கள். அவர்களில் யாரும் கப்பலில் ஏறியவர்கள் இல்லை. குளிர் மாதங்களில் இப்படித்தான் வரும் என்று குழந்தை டாக்டரம்மா சொன்னார். பெரும்பாலும் ரோட்டா வைரஸ். சோதித்துப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வைத்தியம் ஒன்றுதான், தண்ணீர். சுத்தமாக இருக்கிற வீட்டிலும் வரும், சோப்புப் போட்டுக் கைகழுவினாலும் சில சமயம் தப்பாது. அதற்கான சொட்டு மருந்து போட்டீர்களா என்று கேட்டார். எல்லாத் தவணையும் போட்டிருந்தோம். “போட்டும் வரலாம். போடாம இருந்தா இன்னும் மோசமா வந்திருக்கலாம்” என்றார். துத்தநாக மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது எங்களை லேசில் விடவில்லை. டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் பேட்டையில் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. டிரம்மில் பிடித்து வைத்ததையெல்லாம் துணி அலசியே தீர்த்தோம். என் கணவருக்கும் வயிறு கலக்கியது, மின்துறை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்தார். டாலிகஞ்சில் நான் நடத்துகிற தையல் கடை பூட்டியே கிடந்தது, கல்யாண ரவிக்கை கொடுத்திருந்த பெண் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள். மகளுக்குப் பழைய உடம்பு திரும்ப ரொம்ப நாள் ஆயிற்று. தவழ்ந்துகொண்டிருந்தவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பிறகு ஒருநாள் எழுந்து அலமாரியைப் பிடித்து நின்றாள், அதோடு சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. என் கணவர் வீட்டில் இந்தக் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. கப்பலில் வந்தபோது பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, ஆஸ்பத்திரிவரை போய்விட்டது, பாவம். இதுதான் அவர்கள் கதை. கிருமி போயிற்று, தண்ணீரை நிறுத்தியது போயிற்று, சிரித்தது போயிற்று. கடல் மட்டும் நின்றது. நான் திருத்துவேன், “ஆமா ஆமா” என்பார்கள், அடுத்த தீபாவளிக்கு அதே கதை. என் கணவர் திருத்தமாட்டார், ஒத்துக்கொள்ளவும் மாட்டார். அந்தப் பேச்சு வந்தால் எழுந்து தண்ணீர் மோட்டார் போடப் போய்விடுவார். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளே சிநேகிதிகளிடம், “எனக்குக் கடல் ஒத்துக்காது” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

போன மாதம் என் நாத்தனார், கணவரின் தங்கை, கைப்பிள்ளையோடு மெயின்லேண்ட் கிளம்பினாள். பெரார்கஞ்சில் பாக்குத் தோட்டம் உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பையனுக்கு எட்டு மாதம், அதே குலதெய்வம், அதே மொட்டை. வழியனுப்ப நாங்கள் மூன்று பேரும் ஹாடோவுக்குப் போனோம். நான் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் கொண்டுபோயிருந்தேன். அவள் வாங்காமல் சிரித்தாள்.

“எதுக்கு மதினி இதெல்லாம்? கப்பல்ல புள்ளைக்குத் தண்ணியே காட்டக் கூடாது. ஒங்க மக பட்ட பாடு தெரியும்ல. பாவம், அவளுக்குக் கடலே ஒத்துக்கலை.”

“அது கடல் இல்லம்மா. வயித்துப்போக்கு. தண்ணி குடுக்காம விட்டதுதான் தப்பு.”

“எல்லாம் ஒண்ணுதான் மதினி. நல்லா பொழைச்சு வந்துட்டாள்ல, அப்புறம் என்ன?”

அவள் சொன்னது அத்தனை சரியாக இருந்தது. என் மகள் பிழைத்துவிட்டாள், அதனால் யாருக்கும் எதுவும் புரிய வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. பிள்ளை போயிருந்தால் நான் சொன்னதை நம்பியிருப்பார்கள். நம்பவைக்க என்னிடம் ஒரு சாவு இல்லை, உயிரோடு ஒரு பிள்ளைதான் இருந்தது. பாக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

என் கணவர் மருமகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் போட எழுந்துபோக அங்கே வழியில்லை.

“கடலு இல்ல” என்றார்.

“என்ன அண்ணே?”

“கடலு அன்னிக்கு அசையவே இல்ல. இவ தண்ணி குடுக்கப் போனா, நாந்தான் கையப் புடிச்சுப் பாட்டிலப் புடுங்கி மேல வச்சேன். இன்னொரு ராத்திரி அப்பிடியே விட்டிருந்தா புள்ளை செத்துருக்கும். அத வாங்கிப் பையில வையி.”

சுற்றிலும் மூட்டையோடு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் என் கையிலிருந்து பாக்கெட்டுகளை வாங்கினாள், பாட்டிலையும் வாங்கினாள். என் மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எந்தப் புள்ளைப்பா?”

அவர் அவளைப் பார்த்தார்.

“நீதான்” என்றார்.